டெக்குகள் ஏன் திரும்பி வருவதில்லை: டிரம் கோர் போர்டுகள் முன்னுள்ள நான்கு வழிகள்

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை இரவு, இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் டிரம் கோர் இறுதிப் போட்டி முடியும். அடுத்த மூன்று நான்கு வாரங்களில் ‘இத்தனை ஆண்டு உழைப்புக்கு நன்றி’ என்று பணியாளர்களை வழியனுப்பும் அறிவிப்புகள் ஒவ்வொரு கோரிலிருந்தும் வரிசையாக வரத் தொடங்கும். செப்டம்பரில் கோரின் நிர்வாகக் குழுவான போர்டு கூடும்போது கேள்வி ஒன்றுதான்: போகிறவர்களை நிறுத்தச் சம்பளத்தைக் கூட்டுவதா, ஆட்களை முறைவைத்து மாற்றுவதா, வேலை நேரத்தைக் குறைப்பதா, அல்லது தலைமையையே பிரித்து வைப்பதா? நான்கையும் செய்யப் பெரும்பாலான கோர்களிடம் பணம் இருக்காது. எதை முதலில் செய்வது என்பதில்தான் தவறு நடக்கிறது.

அறிமுகம் இல்லாதவர்களுக்கு இரண்டு வரி. டிரம் கோர் என்பது பித்தளைக் குழல்கள், தாளக் கருவிகள், கொடி வீசும் கலர் கார்ட் மூன்றும் சேர்ந்த அமெரிக்க அணிவகுப்புக் கலை. பெரிய கோர்களில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். வயது உச்சவரம்பு 21–22. டிசிஐ எனப்படும் டிரம் கோர் இன்டர்நேஷனல் 1972 முதல் போட்டி நடத்துகிறது. மே நடுவில் ஸ்பிரிங் டிரெயினிங் எனும் ஒத்திகை முகாம், ஜூன் கடைசியில் இருந்து டூர், ஆகஸ்ட் வரை ஏறக்குறைய 80 நாள். பத்துப் பன்னிரண்டு நிமிட ஷோ ஒன்றுக்காக இத்தனையும்.

பணியாளர்கள் மூன்று அடுக்கு. மேலே இசையும் நகர்வும் எழுதும் வடிவமைப்பாளர்கள். நடுவில் பிராஸ், பெர்கஷன், விஷுவல், கலர் கார்ட் என்று பிரிவுக்கு ஒரு கேப்ஷன் ஹெட். கீழே அணிவகுக்கும் பிள்ளைகளோடு வெயிலில் நிற்கும் பயிற்றுநர்கள், அதாவது டெக்குகள். இவர்களை விட்டால் சமையல் வண்டியும் லாரியும் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள். அவர்கள் கதை தனி.

முதலில் ஒழுங்காக எண்ண வேண்டும்

“இந்த வருஷம் முப்பது சதவீதம் பேர் போய்விட்டார்கள்” என்பது எதற்கும் உதவாத எண். நாற்பது பேரில் பன்னிரண்டு முதலாண்டு டெக்குகள் போனாலும் முப்பது சதவீதம். ஒரு கேப்ஷன் ஹெட் தன் ஆட்கள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அதே முப்பதுதான். முதலாவது இயல்பான உதிர்வு. இரண்டாவது ஒரு பிரிவே காலி. டிரம் கோரில் டெக்குகள் கோரைப் பார்த்து வருவதைவிடக் கேப்ஷன் ஹெட்டைப் பார்த்து வருவதே அதிகம். பிள்ளைகளிலும் ஒரு பங்கு அப்படித்தான்; பிடித்த ஆசிரியர் எங்கே போகிறாரோ அங்கே ஆடிஷனுக்கு நிற்பார்கள்.

அதனால் போனவர் ஒவ்வொருவருக்கும் நான்கு விஷயம் எழுதி வைத்தால் போதும்: எந்த அடுக்கு, எத்தனை சீசன் இருந்தார், எந்த மாதம் சொன்னார், அடுத்து எங்கே போனார். இதில் மாதத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செப்டம்பரில் போனால் ஆள் தேட நேரம் உண்டு. ஆடிஷன் முடிந்த டிசம்பரில் போனால், அவரை நம்பி வந்த பிள்ளைகள் தடுமாறுவார்கள். பிப்ரவரியில் போனால் இசை எழுதிக் காசும் கொடுத்தாயிற்று, புதியவர் இன்னொருவர் கையெழுத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜூலையில் போகிறவர் அந்த வாரம் முடிவெடுத்திருக்க மாட்டார். மே மாதமே மனதில் பெட்டியைக் கட்டியிருப்பார்.

எங்கே போனார் என்பதும் நிறையச் சொல்லும். வேறு கோருக்குப் போனவர் இந்த வேலையை வெறுக்கவில்லை, உங்களிடம் செய்வதைத்தான் வெறுத்தார். கோடையில் வீட்டிலேயே இருக்கிறேன் என்று போனவரை எந்தக் கோரும் மீட்க முடியாது.

ஒரு டெக்கின் இரவு

சம்பளமா நேரமா என்று வாதிடுவதற்கு முன் ஒரு இரவை நெருங்கிப் பார்ப்பது நல்லது. போட்டி முடிந்து மணி பத்தரை. டிரம்களும் மரிம்பாக்களும் லாரியில் ஏறுகின்றன. பிள்ளைகள் வரிசையில் நின்று நாளின் நான்காவது சாப்பாட்டை வாங்குகிறார்கள். நடுவர்களின் கருத்து ஒலிப்பதிவு வந்துவிடும். அதைக் கேட்டபடியே டெக் உடைந்த ஸ்டாண்டைத் தேடுகிறார். நள்ளிரவு தாண்டிப் பஸ் கிளம்பும். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஜிம் தரையில் காற்று மெத்தையை விரித்துப் படுக்கிறார்கள். டெக்கும் ஏதாவது ஒரு வகுப்பறையில் அதைத்தான் செய்கிறார். ஆனால் அவர் பிள்ளைகளுக்கு முன் எழுந்து அன்றைய ஒத்திகைத் திட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒத்திகை இல்லாத நேரத்தில் யாருக்கோ மணிக்கட்டு வலி, யாரோ அழுகிறார்கள், யார் எங்கே நிற்பது என்று காட்டும் நகர்வுத் தாளில் பதினேழாம் பக்கம் மாறியிருக்கிறது.

அதே பஸ்ஸை ஓட்டியவருக்கு மட்டும் சட்டம் காவல் நிற்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி பயணிகள் பஸ் ஓட்டுநர் தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வெடுத்த பின்னரே 10 மணி நேரம் வரை ஓட்டலாம். கருவி லாரி ஓட்டுபவருக்கு 10 மணி நேர ஓய்வு, 11 மணி நேர ஓட்டம். டூர் அட்டவணை போடுபவர்கள் இந்த இரண்டு எண்ணையும் சுற்றித்தான் எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள். டெக்குக்கு அப்படி ஒரு எண் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அட்டவணையில் எது மிஞ்சினாலும் அவர் தூக்கத்திலிருந்து வெட்டப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டுக்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பாவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. இதில் முதலாவதை மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம், ஜூலையில் எல்லாருமே களைத்துத்தான் இருப்பார்கள். இரண்டாவது ஒத்திகை மைக்கில் கேட்கும். “இன்னொரு தடவை”, “இன்னொரு தடவை” என்று மட்டும் வரும், எதை மாற்ற வேண்டும் என்பது வராது. பிறகு கிண்டல் வரும், அதற்குப் பிறகு திட்டு. பிள்ளைகள் ஒரு வாரம் முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவது அடையாளம் கூட்டத்தில் தெரியும்: போன வருடம் எதற்கெடுத்தாலும் வாதாடியவர் இந்த வருடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்.

சம்பளம்

போர்டுகளுக்கு முதலில் தோன்றுவது இதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக ஒரு டெக்குக்குக் கோடை முழுக்க 2,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 80 நாள், நாளுக்கு 14 மணி நேரம் என்றால் 1,120 மணி. மணிக்கு 2.23 டாலர். இன்னும் 1,500 கூட்டி 4,000 கொடுத்தால் 3.57. கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 7.25. இருபது டெக்குக்கு 30,000 டாலர் செலவழித்த பிறகும் பாதியைத்தான் எட்டுகிறோம். இந்த அடுக்கில் சம்பள உயர்வு பெரும்பாலும் ஒரே ஒரு வருடத்தைத்தான் வாங்கித்தரும்.

கேப்ஷன் ஹெட் விஷயம் வேறு. முப்பது வயதைத் தாண்டியவர், வீட்டில் குழந்தை, வங்கிக் கடன். அவர் மனைவியிடமோ கணவரிடமோ சொல்லக்கூடிய தொகையாக அது இருக்க வேண்டும். இங்கே கூட்டும் ஒவ்வொரு ஆயிரமும் அவரோடு வரும் ஐந்தாறு டெக்குகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் அவர் பள்ளி பேண்ட் டைரக்டராக இருந்தால் பணத்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பள்ளிகளின் பேண்ட் கேம்ப் ஜூலைக் கடைசியிலேயே தொடங்கிவிடும். கோருக்கு அவர் மிகவும் தேவைப்படும் இரண்டு வாரம் அவருக்கு வாழ்வளிக்கும் வேலைக்கும் தேவைப்படும் அதே இரண்டு வாரம். இதை நவம்பரிலேயே ஒப்பந்தத்தில் எழுதி, அந்த நாட்களுக்கு யார் பொறுப்பு என்று பெயர் போட்டுவிட்டால் மனக்கசப்பு இல்லை. எழுதாமல் விட்டால் ஜூலை 25 வாக்கில் துரோகி பட்டம் கட்டுவார்கள்.

பணம் கொடுப்பதில் இன்னொரு குழி, ஆளை எந்தக் கணக்கில் வைப்பது என்பது. பல கோர்கள் டெக்குகளை 1099 என்ற வரிப் படிவத்தில் சுயேச்சை ஒப்பந்ததாரர்களாகக் காட்டுகின்றன. வரித்துறை பார்ப்பது படிவத்தை அல்ல, வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதை. எழும் நேரம், நிற்கும் இடம், போடும் சட்டை எல்லாவற்றையும் கோர் தீர்மானித்தால் அது ஊழியர் உறவு போலத்தான் தெரியும். கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 5 சட்டம் இதை இன்னும் இறுக்கியது. சம்பளத்தைக் கூட்டும் முன் உங்கள் மாநிலத்துத் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது மலிவு.

வருமானமும் நிலையில்லாதது. உறுப்பினர் கட்டணம், நன்கொடை, சில இடங்களில் பிங்கோ விளையாட்டு நடத்திக் கிடைக்கும் பணம். 1967இல் தொடங்கிய சாண்டா கிளாரா வேன்கார்ட் போன்ற முன்னணிக் கோரே நிதி நெருக்கடியால் 2023 சீசனுக்கு வரவில்லை, 2024இல்தான் திரும்பியது. ஒவ்வொரு வருடமும் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டிய செலவை, வந்தால் வரும் வராவிட்டால் போகும் வருமானத்தின் மேல் ஏற்றுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

முறைவைத்து மாற்றுவது

அதே இருபது இடம், 80 நாள் என்றால் 1,600 ஆள்-நாள். ஒருவர் 50 நாள்தான் என்று வைத்தால் 32 பேர் தேவை. ஒவ்வொருவரும் 25 நாளாக இரண்டு தடவை வந்தால் 64 வருகை. முன்பு இருபது போக்குவரத்து டிக்கெட், இப்போது 44 கூடுதல். போய்வர 400 டாலர் என்று வைத்தால் 17,600. ஒவ்வொரு மாற்றத்திலும் பழையவரும் புதியவரும் ஒரு நாளாவது சேர்ந்து நிற்க வேண்டும். அது 44 ஆள்-நாள் சாப்பாடு, படுக்கை, ஊதியம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20,000 டாலர். சம்பள உயர்வைவிடக் குறைவு, அதோடு ஒரு டெக்குக்கு முப்பது நாள் கையில் கிடைக்கிறது. கல்லூரி மாணவர் அந்த நாட்களில் வேறு வேலையில் சம்பாதித்துக்கொள்ளலாம். நாள் கணக்கில் அவர் ஊதியம் குறையவில்லை.

கெட்டுப்போவது எங்கே என்றால், கைமாற்றத்தில். ஜூன் முழுக்க ஒருவர் ஸ்னேர் டிரம் வரிசையை ஒரு எட்டுப் பார்களில் (தாள அளவுகளில்) குச்சியை மூன்று அங்குலம் தூக்கச் சொல்லியிருப்பார். ஜூலை 5 வரும் புதியவர் ஆறு அங்குலம் என்பார். பிள்ளைகள் இரண்டு நாள் குழம்பி, மூன்றாம் நாள் யார் சொல்வதையும் முழுசாக நம்ப மாட்டார்கள். இதைத் தடுக்க ஒரு பக்கத் தாள் போதும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒப்புக்கொண்ட குச்சி உயரம், ஓடும் டெம்போ. கடைசியாக மாறிய நகர்வுப் பக்கங்கள். யாருக்கு எந்தக் கை வலி. எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம், எதைப் பயன்படுத்துவதில்லை. கேப்ஷன் ஹெட் ‘தொடாதே’ என்று சொன்ன பார்கள். போகிறவர் எழுத வேண்டும், வருகிறவர் ஒரு முழு ஒத்திகையை வாய் திறக்காமல் நின்று பார்க்க வேண்டும். இந்த மௌன நாள் இல்லாத சுழற்சி வீண். கௌரவப் பிரச்சினையால் இதைத்தான் முதலில் கைவிடுவார்கள்.

கேப்ஷன் ஹெட்டுகளைச் சுழற்றக் கூடாது. ஒரு பிரிவின் காது ஒருவருடையதாக இருக்க வேண்டும். ஓபன் கிளாஸ் எனப்படும் இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடும் சிறிய கோர்களுக்கும் இந்த வழி பொருந்தாது. இருபது பேரைத் தேடுவதே பாடு, முப்பத்திரண்டுக்கு எங்கே போவது?

நேரத்தைக் குறைப்பது

இதைச் சொன்னவுடன் புள்ளி போய்விடும் என்பார்கள். இரண்டு கோர்களுக்கு நடுவே நூற்றில் காலோ அரையோதான் வித்தியாசம் என்கிற போட்டியில் அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் டெக்கைச் சக்கையாகப் பிழிவது பெரும்பாலும் ஒத்திகை இல்லை. ஒத்திகைக்குப் பிந்தைய கூட்டம். இரவு பத்தரைக்கு வீடியோவைப் போட்டு உட்காருவார்கள். இரண்டு பேர் பேசுவார்கள், பதினெட்டுப் பேர் விழித்திருப்பார்கள். ஒரு மணிக்கு விஷுவல் வடிவமைப்பாளர் மூன்று பக்கத்தை மாற்றி அனுப்புவார், காலையில் யாரோ அதை அச்செடுத்து 150 பேருக்குச் சொல்ல வேண்டும்.

வெட்ட வேண்டியது இங்கே. கூட்டம் அரை மணி, கேப்ஷன் ஹெட்டுகள் மட்டும், மற்றவர்களுக்குக் காலையில் எழுத்தில். இரவு எட்டு மணிக்குப் பின் வரும் எந்த மாற்றமும் மறுநாள் களத்துக்குப் போகாது, அதற்கடுத்த நாள்தான். பஸ் ஓட்டுநருக்கு இருப்பது போல டெக்குக்கும் ஒரு எண்: கடைசிக் கடமையிலிருந்து அடுத்த கடமைக்கு 8 மணி நேரம். பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கியது அதில் சேராது. விடியற்காலை ஐந்துக்கு இறங்கினால் அவர் களத்துக்கு வருவது பகல் ஒரு மணிக்கு. காலை வேலையை முன்னதாகக் காரில் வந்து தூங்கிய இருவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஒத்திகையையே குறைப்பதென்றால் மாலைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முழுக்குழு நேரத்தில் கை வைக்கக் கூடாது. எல்லாப் பிரிவும் ஒன்றாகச் சேர்வது அப்போதுதான், வெயிலும் தணிந்திருக்கும். பகல் ஒன்று முதல் நான்கு வரை உள்ள நேரத்தில் எடுங்கள். 20 ஸ்பிரிங் டிரெயினிங் நாளில் தினம் இரண்டு மணி எடுத்தால் 40 மணி போகும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த வெயில் நேரத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்துவதும் திரும்ப நிற்க வைப்பதுமாகவே பாதி கரைந்துவிடுகிறது. நான்கு வழிகளில் காசே கேட்காதது இது ஒன்றுதான். அதனாலேயோ என்னவோ யாரும் இதை மதிப்பதில்லை.

தலைமையைப் பிரிப்பது

மேலே சொன்ன அரை மணி விதியை யார் காப்பாற்றுவது? பிரச்சினை முழுக்க இங்கேதான் முடிச்சுப் போட்டிருக்கிறது. பல கோர்களில் இயக்குநர் ஒருவரே நிர்வாகி, கலைப் பொறுப்பாளர், டூர் மேலாளர். ஷோ நன்றாக வர வேண்டும் என்று தவிக்கிறவரே ‘போதும், படுங்கள்’ என்றும் சொல்ல வேண்டும். எந்த மனிதராலும் ஆகாத காரியம்.

நீண்ட காலம் ஒரே ஆட்கள் இருப்பதே நல்ல கலாசாரத்துக்கு அடையாளம் என்று நினைப்பதும் தவறு. கலிபோர்னியா கான்கார்டின் புளூ டெவில்ஸ் 21 பட்டங்கள் வென்ற கோர். பித்தளைக் குழல்களுக்கு வேய்ன் டவுனி, பெர்கஷனுக்கு ஸ்காட் ஜான்சன் என்று பல ஆண்டுகள் நிலைத்து நின்றவர்கள் அங்கே உண்டு. அதே அளவு நீண்ட தலைமை கேடட்ஸிலும் இருந்தது. 1934இல் தொடங்கிய அந்தக் கோரை 1980களிலிருந்து நடத்திய இயக்குநர், ஒன்பது பெண்கள் சொன்ன பாலியல் புகார்கள் பத்திரிகையில் வெளியான பின் 2018 ஏப்ரலில் விலகினார். 2024இல் கேடட்ஸே நின்றுபோனது. ஆகவே போர்டு கேட்க வேண்டியது எத்தனை வருடம் இருக்கிறார்கள் என்பதை அல்ல. அங்கே கடைசியாக இயக்குநரிடம் ‘முடியாது’ என்று சொன்னவர் யார், அவர் அடுத்த வருடமும் வேலையில் இருந்தாரா?

பிரிப்பது என்றால் மூன்று நாற்காலி. பணத்துக்கும் சட்டத்துக்கும் நிர்வாக இயக்குநர். ஷோவுக்குக் கலைப் பொறுப்பாளர். நாளுக்கு டூர் மேலாளர். மூன்றாமவருக்கு ஒரு அதிகாரம் எழுத்தில் வேண்டும்: ஒத்திகையையும் கூட்டத்தையும் நேரம் முடிந்ததும் நிறுத்தலாம், அதை மாற்றக் கலைப் பொறுப்பாளரால் முடியாது. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் டூர் மேலாளர் என்பவர் பஸ் சாவி வைத்திருக்கும் ஆள், அவ்வளவுதான். நான்கு மாதத்துக்கு அவருக்கு 15,000 டாலர் கொடுத்தாலும் சம்பள உயர்வில் பாதிதான்.

புகார் போகும் வழியும் இதோடு சேர்ந்தது. இயக்குநருக்கே போகும் மின்னஞ்சல் புகார்ப்பெட்டி ஆகாது. பணியாளர் யாரோடும் உறவில்லாத ஒரு போர்டு உறுப்பினர், அவர் பெயரும் எண்ணும் பஸ்ஸில் ஒட்டியிருக்க வேண்டும். இன்னொன்று: வயது முடிந்து வெளியேறியவரை மறு கோடையே அதே வரிசைக்கு டெக்காகப் போடுவது இந்தத் துறையின் கெட்ட பழக்கம். போன ஆகஸ்டில் பக்கத்தில் படுத்தவர்கள் இந்த மே மாதம் அவர் மாணவர்கள். தூரம் வைக்கவும் தெரியாது, சோர்வை ஒப்புக்கொள்ளவும் கூச்சம். ஒரு வருட இடைவெளி, அல்லது வேறு பிரிவு என்று வைத்தால் முதலாண்டு உதிர்வே குறையும்.

எதை முதலில்

பெரும்பாலான கோர்களுக்கு எங்கள் கணிப்பு இது. இந்த அக்டோபரிலேயே கூட்ட விதியும் எட்டு மணி நேர ஓய்வும், அவற்றைக் காக்க அதிகாரமுள்ள டூர் மேலாளரும். பிறகு டெக்குகளுக்கு மட்டும் சுழற்சி. அதன் பின்னும் பணம் மிஞ்சினால் கேப்ஷன் ஹெட்டுகளின் ஊதியம், டெக்குகளுடையது கடைசியில். வரிசையைத் திருப்பி, சம்பளத்தில் தொடங்கினால் அதே இரவுகளுக்குக் கூடுதல் விலை கொடுத்தது போலாகும்.

விதிவிலக்கு இரண்டு. டெக்குகளில் பெரும்பாலோர் சம்பளமே வாங்காத சிறிய கோராக இருந்தால், பயணச் செலவையாவது முழுசாகத் திருப்பிக் கொடுப்பதுதான் முதல் வேலை. சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வருபவரிடம் ஓய்வு விதி பேசுவது எடுபடாது. இயக்குநர் மேல் பயம் இருக்கும் கோராக இருந்தால் மற்ற மூன்றும் பயன் தராது. ஆள் மாறும்வரை வேறெதிலும் காசு போட வேண்டாம்.

போகிறவர்களிடம் பேசுவதை அக்டோபரில் வையுங்கள். ஆகஸ்டில் எல்லாரும் அழுதுகொண்டோ கோபத்திலோ இருப்பார்கள். இயக்குநர் பேசக் கூடாது, புகாருக்குப் பொறுப்பான போர்டு உறுப்பினர் பேசட்டும். எந்த வாரம் முடிவெடுத்தீர்கள், அந்த வாரம் என்ன நடந்தது, யாரிடம் சொன்னீர்கள் என்று மூன்று கேள்வி. மூன்றாவதற்கு ‘யாரிடமும் இல்லை’ என்று இரண்டு பேர் சொல்லிவிட்டால், அதே கேள்விகளை இந்த வருடம் தங்கியவர்களிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கும். நவம்பர் ஆடிஷனுக்கு முன்.